உப்பளக் கரையில் எறும்பும் இனிப்பும்

மரக்காணம் உப்பளங்களின் ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பர் ஆய்வாளர் பலர். கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவிட்டு உப்பு வாரும் தொழில் இன்றும் இங்கு நடைபெறுகிறது. திறந்தவெளியில் குவிந்து கிடக்கும் அவ்வுப்பை எறும்புகள் மொய்ப்பதில்லை. ஆனால், அடுக்களையில் சிறிது சர்க்கரை சிந்தினால் சற்று நேரத்தில் எறும்புச் சாரை வந்துவிடுகிறது. இரண்டும் வெண்படிகங்களே, பின் ஏன் இவ்வேறுபாடு?

எறும்பை உற்றுநோக்குவது நமது அறிவு மரபுக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரையும், 27ஆம் அத்தியாயம் எறும்பின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868-69) மறைந்த பஸ்ரா அறிஞர் அல்-ஜாஹிழ், தம் ‘கிதாபுல் ஹயவான்’ நூலில் ஒரு காட்சியை விவரிக்கிறார். வெட்டுக்கிளி உண்பவரின் கையிலிருந்து ஒரு துண்டு விழுகிறது. அருகில் எறும்பே இல்லை. சிறிது நேரத்தில் ஓர் எறும்பு வந்து அதை இழுத்துப் பார்க்கிறது; இயலாமல் வளைக்குத் திரும்பித் தன் இனத்தை அழைத்து வருகிறது. அதன் மோப்பத்தையும், செய்தி சொல்லும் திறனையும் அவர் வியக்கிறார்.

அச்செய்தி, எறும்பு தன் வயிற்று நுனியால் தரையில் இட்டுச் செல்லும் வாசனைத் தடம் என்பதை இன்று அறிவோம். தூய சர்க்கரைக்கு மணம் மிகக் குறைவு. ஆகவே, இரை தேடி அலையும் எறும்பு பெரும்பாலும் அதைத் தொட்டே அறிகிறது. பூச்சிகளுக்குச் சுவையுணர்வு வாயில் மட்டுமன்றி உணர்கொம்பிலும் கால்களிலும் உண்டு. பூந்தேனும் அசுவினி சுரக்கும் இனிய நீரும் அவற்றின் உடலுக்கு எரிபொருள். மனிதன் கரும்பைக் காய்ச்சுவதற்கு நெடுங்காலம் முன்பே இனிப்பை நாடும் இயல்பு அவற்றிடம் அமைந்துவிட்டது.

உப்பும் எறும்புக்கு வேண்டியதே. அமெரிக்கக் கண்டங்களில் நடத்தப்பட்டு 2008இல் வெளிவந்த காஸ்பாரி குழுவினரின் ஆய்வு, கடலிலிருந்து வெகுதொலைவில் வாழும் எறும்புகள் உப்பை மிகுதியாக நாடுவதையும், கடலோர எறும்புகள் அவ்வாறு நாடாததையும் காட்டியது. கடற்காற்றே உப்பைக் கொணரும் மரக்காணத்தில் எறும்பு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை என நாம் கருதலாம்.

புதிய கண்டுபிடிப்பு ஒவ்வொன்றும் வேதத்தில் முன்னரே உள்ளது என்று உரைத்து அமைந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அல்-ஜாஹிழ் அவ்வாறு அமையவில்லை. படைப்பில் இறைவனின் அத்தாட்சிகளைத் தேடிய அவர், அரிஸ்டாட்டிலின் கூற்றையும் ஐயுற்று வினவினார். தரையில் விழுந்த துண்டையும் பொறுமையுடன் கவனித்தார். அந்தப் பொறுமையே நாம் மீட்டெடுக்க வேண்டிய மரபுச் செல்வம்.