குட்டி யானைக்குக் காய்ச்சலா? காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்!

திருப்பருத்திக்குன்றம் சமணர் கோயில் தாண்டி லோடோடு போறீங்க. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுதா? ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. ஆறும்வரை, குறைந்தது அரை மணி நேரம், ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காது. மூடியைத் திறந்தால் முகத்தில் பீறிடும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணி ஊத்தினால் ஹெட் விரிசல் விடலாம்.

ஆறியதும் பாருங்க:

* கூலன்ட் குறைஞ்சிருக்கா? ஹோஸ், வாட்டர் பம்ப்பில் கசிவு தேடுங்க.
* டிராஃபிக்கில் மட்டும் சூடாகி, ஓடினா தணியுதா? ஃபேன் மேல சந்தேகப்படுங்க.
* வேகத்திலும் லோடிலும் சூடாகுதா? ரேடியேட்டர் அடைப்பு அல்லது தெர்மோஸ்டாட் கோளாறு இருக்கலாம்.
* கசிவே இல்லாம கூலன்ட் குறையுதா? கூடவே வெள்ளைப் புகை, பால் கலந்த மாதிரி ஆயில்? ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். இனி ஓட்டாதீங்க, கட்டி இழுத்துட்டுப் போங்க. இல்லைன்னா இன்ஜினையே இறக்க வேண்டி வரும்.