இடாப்பில் இருந்த பெயர்

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. முதல்நாள் இரவு பொரளையில் மூண்ட வன்முறை காலையில் கொழும்பெங்கும் பரவியது. கும்பல்களின் கைகளில் பொல்லுகளும் பெற்றோலும் மட்டுமல்ல, வாக்காளர் இடாப்புகளும் இருந்தன. தமிழர் குடியிருந்த வீடுகளை அந்தத் தாள்களே காட்டிக்கொடுத்தன.

இடாப்பு இரகசிய ஆவணமன்று. ஆனால் வாக்களிப்பதற்காக நாம் கொடுத்த பெயரும் விலாசமும் வீடெரிக்கப் பயன்பட்டன என்பதே பத்திரிகையாளனான என்னை இன்றும் உறுத்துகிறது. அதற்கெதிராக முறையிட அன்று தனிச் சட்டம் எதுவும் இருக்கவில்லை.

சட்டம் மெதுவாகவே வந்தது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், சட்டவிரோதமாகப் பெற்ற தரவுகளைக் கையாள்வதைக் குற்றமாக்கியது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தரவை அதற்கு ஒவ்வாத வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது என்றது. அரச நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். ஆயினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்னர் ஒத்திவைக்கப்பட்டன.

இன்று எமது விபரங்கள் வங்கி, வைத்தியசாலை, தொலைபேசி நிறுவனம் என எங்கும் கிடக்கின்றன. அவை கசிந்ததாக அறிந்தால், கடவுச்சொற்களை உடனே மாற்றுங்கள். வங்கிக்கு அறிவியுங்கள். வந்த செய்திகளை அழிக்காது திகதியுடன் பேணுங்கள். உரிய நிறுவனத்திடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பொலிஸில் முறையிட்டு, பிரதியை வைத்திருங்கள்.

இடாப்பு எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போயிற்று என்று கேட்பதற்கு, 1983இல் எம்மிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை.