கடைசி டேப்பு இல்லாத கருப்பு

2024 நவம்பர் 10ஆம் தேதி மதுரையில் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானார். செய்தி வந்த இரவே யூடியூபைத் திறந்து 'மர்ம தேசம்' தேடினேன். இறந்துபோன எழுத்தாளருக்கு அஞ்சலி என்று அதைச் சொல்ல முடியாது. எனக்கு ஒரு பழைய கடன் இருந்தது. 'விடாது கருப்பு' எப்படி முடிகிறது என்று இருபத்தைந்து வருடமாக எனக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் ஒரு வீடியோ கடை.

அப்பா மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். அந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்த பள்ளிவாசல் 1863இல் தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. அதைச் சுற்றித் துணி, நகை, மூலிகை, ஊறுகாய், கேசட் என்று ஒரு தமிழ் உலகமே தானாக வளர்ந்திருந்தது. சனிக்கிழமை பசார் மாலாம் போடும் சந்துக்குப் பக்கத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது அந்தக் கடை. சென்னையில் யாரோ சன் டிவியிலிருந்து பதிவுசெய்து அனுப்பும் தொடர்கள், விளம்பரம் உட்பட, அங்கே வாடகைக்குக் கிடைக்கும். ஒரு டேப்புக்கு ரெண்டு வெள்ளி. 1996இல் ஆஸ்ட்ரோ வந்துவிட்டதுதான். ஆனால் கூரையில் தட்டு மாட்டி மாதாமாதம் பணம் கட்டும் வசதி எங்கள் வீட்டில் இல்லை. அதனால் தமிழ்நாட்டில் வாரம் ஒருமுறை மக்கள் பதறிப் பதறிப் பார்த்ததை, நாங்கள் சில மாதங்கள் கழித்து, ஒரே ராத்திரியில் நாலைந்து வாரமாகப் பார்த்தோம்.

இளைய வாசகர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. 'மர்ம தேசம்' ஒரே கதை இல்லை. ரகசியம், விடாது கருப்பு, சொர்ண ரேகை, இயந்திரப் பறவை, எதுவும் நடக்கும் என்று தனித்தனிக் கதைகள். கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன்; ரகசியம், விடாது கருப்பு இரண்டின் இயக்கமும் நாகா. 'ரகசியம்' பைரவர் கோயிலும் நாய்களும் நவபாஷாண லிங்கமுமாகப் போகும். கட்டுக்கோப்பு என்று பார்த்தால் அதுதான் ஒரு படி மேல் என்பது இப்போது என் அபிப்பிராயம். ஆனாலும் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது கருப்பைத்தான்.

தோட்டக்காரமங்கலம் என்று ஓர் ஊர். அங்கே தப்பு செய்தவனை வெள்ளைக் குதிரையில் வரும் கருப்பு தண்டிக்கும் என்பது நம்பிக்கை. ஊரில் சாவு விழுகிறது. நகரத்திலிருந்து ரீனா என்ற பெண் இதைக் கேள்வி கேட்டுக்கொண்டு வருகிறாள். இன்னொரு பக்கம் ராஜேந்திரன் என்ற சின்னப் பையனின் கதையும் பேச்சிக் கிழவியும். இரண்டும் வேறு வேறு காலம் என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. வெட்டி வெட்டி மாற்றுகிறார்கள், நாமே புரிந்துகொள்ள வேண்டும். தொண்ணூறுகளின் தொலைக்காட்சியில் இதைச் செய்ய ஒரு தைரியம் வேண்டும். திரும்பப் பார்க்கும்போது நண்பர்கள் குழாமின் கலகலப்பு காலாவதியாகித்தான் இருக்கிறது, சில வசனங்கள் மேடை நாடகம்போல நிற்கின்றன. ஆனால் அந்தக் குளம்படிச் சத்தம் வரும்போது இன்றும் முதுகு நிமிர்கிறது. இதில் நடித்த தேவதர்ஷினி பின்னாளில் 'காஞ்சனா'வில் பேய்க்குப் பயந்து நம்மைச் சிரிக்க வைத்தார் என்று ஞாபகம் வரும்போது வேறு ஒரு மாதிரி இருக்கிறது.

எங்கள் வீட்டில் டேப்பு ஓடும்போது பாட்டி கட்டிலை விட்டு இறங்கித் தரையில் உட்காருவாள். சாமி வரும் இடத்தில் மேலே உட்காரக் கூடாதாம். பக்கத்து வீட்டு மலாய் மாமியும் வருவார். ஒரு வார்த்தை புரியாது. முதல் நாள் திரையைக் காட்டி "ஹந்துவா?" என்று கேட்டார், பேயா என்று. பாட்டிக்குக் கோபம். "பேய் இல்ல. டத்தோ" என்றாள். மாமிக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த மண்ணில் மரத்தடியில், எறும்புப் புற்றில், பாறையில் இருந்து இடத்தைக் காக்கும் டத்தோவை மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள் எல்லாருக்கும் தெரியும். நாட்டார் தெய்வம் பற்றிப் பக்கம் பக்கமாக வாசித்தபிறகும், இதைவிடச் சுருக்கமான மொழிபெயர்ப்பை நான் கண்டதில்லை.

பாட்டி கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். லயத்துக்கு நடுவே மாரியம்மன். பால்மரக் காடு தொடங்கும் எல்லையில் ஒரு கல், ஓர் அரிவாள், சுருட்டு, சாராயம். அது சிலருக்கு முனியாண்டி, சிலருக்குக் கருப்பர். கங்காணிகள் ஊர் ஊராக ஆள் சேர்த்துக் கப்பலேற்றியபோது சனங்கள் பிடிமண்ணோடு கொண்டுவந்த சாமிகள் இவை. 1938இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது. அதற்குள் சிலாங்கூரின் தோட்டங்களில் ஓர் இணைத் தமிழ்நாடே எல்லைச்சாமிகளோடு குடியேறியிருந்தது.

அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்புக்குச் சிலை கிடையாது. சந்தனம் பூசிய பெரிய கதவுதான் சாமி. அந்தக் கதவின் முன்னால் சத்தியம் செய்யச் சொன்னால் பொய்யன் பின்வாங்குவான் என்று வழக்குகள் அங்கே தீர்ந்த வரலாறு உண்டு. கருப்பு அடிப்படையில் ஒரு நீதிமன்றம். கச்சேரிக்கும் போலீசுக்கும் போக வழியில்லாதவனின் நீதிமன்றம். 'விடாது கருப்பு' ஒரு திகில் தொடராக நின்றுபோகாமல் இருப்பது இந்த நரம்பைத் தொட்டதால்தான். அதில் பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் மடியில் கனம் உள்ளவர்கள்.

ஆனால் பாட்டி வெள்ளைக் குதிரையைப் பார்த்தபோது சாமியை மட்டும் பார்க்கவில்லை. இது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது. "எங்க காலத்துல துரைதான் குதிரைல வருவான். குளம்பு சத்தம் கேட்டா வாளியப் புடிச்சிக்கிட்டு ஓரமா நிக்கணும். சாமியும் குதிரைல வருது, அவனும் குதிரைல வர்றான். எது எதுன்னு சின்னப்புள்ளைக்குத் தெரியுமா?" என்று ஒருமுறை சொன்னாள். தண்டிக்கிற அதிகாரத்தின் வாகனம் அது. தோட்டத்தில் அதன்மேல் இரண்டு பேர் ஏறியிருந்தார்கள்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர்.எச். நாதன் முன்னின்றார். கோரிக்கைகளில் கூலி உயர்வும், சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளமும், கள்ளுக்கடை மூடலும் இருந்தன. இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கூலிக்காரன் சைக்கிளில் உட்கார்ந்தபடி துரையைக் கடந்துபோகும் உரிமையைக் கேட்டான். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, சுட்டது, உயிர்கள் போயின. பாட்டிக்கு அப்போது பத்து வயசு இருக்கும். சுட்டதைப் பற்றி அவள் பேசியதில்லை. அந்த வருசம் எல்லைக் கல்லுக்கு இரண்டு கிடா வெட்டினார்கள் என்று மட்டும் சொல்லுவாள். யாருக்காக வேண்டிக்கொண்டு, எதற்காக என்று கேட்க எனக்கு அந்த வயதில் தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தத் தோட்டம் விற்கப்பட்டது. பால்மரத்தை வெட்டி வீடமைப்புத் திட்டம் வந்தது. மாரியம்மனுக்கு ஒரு மாற்று இடம் கிடைத்தது. எல்லைக் கல்லுக்குக் கிடைக்கவில்லை. எல்லையே இல்லாதபோது எல்லைச்சாமியை எங்கே வைப்பது? தாத்தா அரிவாளைச் சிவப்புத் துணியில் சுற்றிக் கோணிப்பையில் வைத்து அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுப் பொருள் அறையில், அரிசி மூட்டைக்குப் பின்னால், கருப்பர் இருந்தார். அந்த அறைக்குப் பக்கத்துச் சுவரில்தான் டிவி. இப்போது யோசித்தால் பாட்டி எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள் என்பதே சந்தேகமாக இருக்கிறது.

சரி, கடைசி டேப்பு. ரீனா எதையோ கண்டுபிடித்துவிட்டாள், எல்லாம் விளங்கப்போகிறது, குதிரை வருகிறது. திரை ஒரு வெட்டு வெட்டியது. யாருடைய கல்யாணமோ ஓட ஆரம்பித்தது. மாப்பிள்ளை மாலை போடுகிறார், பின்னால் இந்திப் பாட்டு. கடைக்காரர் பழைய டேப்பின்மேல் பதிந்திருக்கிறார், நீளம் போதவில்லை. அப்பா சண்டை போட்டு ரெண்டு வெள்ளியைத் திரும்ப வாங்கி வந்தார். மீதிக் கதை கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் வீசிடி வந்து அந்தக் கடையும் போய்விட்டது. பாட்டி இதற்கெல்லாம் அசரவில்லை. "அதான் குதிர வந்துருச்சே, அப்புறம் என்ன?" என்று எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். 2003இல் அவள் இறந்தபோது அவள் அறிந்த 'விடாது கருப்பு' அதுதான்: கருப்பு வந்தது, முடித்தது.

ஆகவே 2024இல்தான் முடிவைப் பார்த்தேன். எழுத்தாளர் பிளவுண்ட மனம் என்ற உளவியல் விளக்கத்தை வைக்கிறார். யாருடைய மனம் என்று சொல்லமாட்டேன், நீங்களே பாருங்கள். விளக்கத்துக்குப் பக்கத்திலேயே நம்பிக்கைக்கும் ஓர் இருக்கை போட்டுவைப்பது அவருடைய வழக்கம். இருந்தாலும் எனக்கு ஏமாற்றம்தான். சென்னையில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்த முடிவு ஒரு விடுதலை: சாமி இல்லை, நோய்தான், சட்டம் பார்த்துக்கொள்ளும். சட்டம் தன் பக்கம் ஒருநாளும் வந்து நிற்காத லயத்துக்காரிக்கு அது என்ன தரும்? கருப்பு ஒருவனின் நோய் என்றால், அந்த இரண்டு கிடாவும் யாருக்கு?

கடந்த 2025 மார்ச்சில், நோன்பு முடிவதற்குச் சில நாள் முன்பு, பெருநாள் கூட்டத்துக்கு நடுவே மஸ்ஜித் இந்தியாவில் நடந்தேன். தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் வாசலில் செய்தியாளர்கள். 130 ஆண்டு பழைய கோயில். அந்த நிலத்தை மாநகராட்சி 2014இல் ஜேக்கல் துணி நிறுவனத்துக்கு விற்றிருந்தது, அங்கே அவர்கள் பள்ளிவாசல் கட்டவிருந்தார்கள். கடைசியில் சுமார் 50 மீட்டர் தள்ளிக் கோயிலுக்கு வேறு இடம் என்று முடிவானது. நல்ல முடிவு என்றார்கள் சிலர், வேறு வழி என்ன என்றார்கள் சிலர். 2007இல் ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் கோயில் இடிக்கப்பட்டதையும், அதன்பின் நவம்பரில் கோலாலம்பூர்த் தெருக்களில் சனம் திரண்டதையும் நினைத்துப் பார்த்தால் 50 மீட்டர் சின்னத் தூரம்தான். எனக்கு அந்த எல்லைக் கல்தான் ஞாபகம் வந்தது. அதை 50 மீட்டர் நகர்த்தக்கூட யாரும் பேச்சுவார்த்தை நடத்தவில்லை.

அன்று இரவு பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்ததும் 'விடாது கருப்பு' கடைசிப் பகுதியைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு, முழுக்கப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பொருள் அறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சத்தத்தக் கொறைடா. பாட்டிக்குத் தெரிய வேணாம்."