மதகு யார் கையில்? சென்னையின் மேற்குப் புறநகரில் நெற்பாசனம் மாறிய வரலாறு

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் மாதவரம் ரெட்டேரிக்குப் போகும். ஓர் ஏரியின் கலங்கலே அடுத்த ஏரிக்கு வரத்துக்கால். இன்னும் மேற்கே, கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்று நீர் கூவத்துக்குப் பிரிகிறது. ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டிலிருந்து கூவத்து நீர் பங்காரு கால்வாய் வழியே செம்பரம்பாக்கத்தை அடைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீரும் மழையைத் தேக்கி, தை வரை பயிருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வேளாண்மையின் அடிப்படையாக இருந்தது. அந்தப் பங்கீடு எப்படி உருவாகி, எப்போது குலைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மதகைத் திறக்கும் அதிகாரம், ஏரி நீரில் பயிரிடும் ஆயக்கட்டுக்காரர்களிடம் இருந்தவரை இங்கே நீர்ச் சிக்கனம் தனியாகக் கற்பிக்க வேண்டிய பாடமாக இருக்கவில்லை என்பதே இதன் வாதம்.

தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் புழற்கோட்டமும் புலியூர்க் கோட்டமும் இப்பகுதியைச் சார்ந்தவை. கோட்டம், நாடு, ஊர் என்ற அடுக்கில் ஏரியைப் பேணுவது ஊரின் கடமை. இதற்கு வலுவான சான்று சற்றுத் தெற்கே உத்திரமேரூரில் உள்ளது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரிக்கெனத் தனிக் குழு அமைத்து, உறுப்பினருக்குத் தகுதியும் தகுதியின்மையும் கல்லில் வெட்டி வைத்த சமூகம் அது.

எட்டு நூற்றாண்டு கழித்தும் இந்த ஏற்பாடு முற்றாக அழியவில்லை. 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டு ஜாகீரைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு அதை அளந்தது. ஏறத்தாழ 2,000 ஊர்களின் கணக்குகள் தமிழில் ஓலையில் எழுதப்பட்டன. களத்தில் குவிந்த நெல்லை அரசும் குடியும் பங்கிட்டுக்கொள்ளும் முன்பே, கோயில், கணக்கன், தச்சன், கொல்லன், ஏரி என ஒவ்வொன்றுக்கும் உரிய பங்கு பிரிக்கப்பட்டதை அவை காட்டுகின்றன. அந்தப் பங்குக்குப் பெயர் ‘சுதந்திரம்’. மராமத்துச் செலவு விளைச்சலிலிருந்தே வந்ததால், ஏரி தூர்ந்தால் எல்லார் களமும் சுருங்கியது. வயல் வயலாக நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக்கும் அதே களத்தில்தான் கூலி. அந்த வேலையைச் செய்தவர் பெரும்பாலும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட சாதியினர் என்பதையும், அவர்கள் பங்கு எப்போதும் சிறியது என்பதையும் மறைத்துவிட்டு இம்முறையைப் போற்றக் கூடாது. ஊரார் தாமே ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டமாக மாறியபோது அதன் சுமையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது.

பயிர் முறையிலும் நீர்க்கணக்கு இருந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற மூன்று பட்டங்களில் சம்பாவுக்கே ஏரி முதன்மை. ஆனால் அதை விதைக்க வேண்டிய ஆடியில் ஏரி வறண்டு கிடக்கும். அதற்கு உழவர் கண்ட வழி புழுதி விதைப்பு. நாற்றங்காலும் சேற்றுழவும் கிடையாது. கோடை மழையில் உழுது புழுதியாக்கிய நிலத்தில் விதைநெல்லை நேரே விதைப்பார்கள். ஆவணி, புரட்டாசியின் சிறு மழைகளில் பயிர் மானாவாரியாக வளரும். ஐப்பசியில் ஏரி பெருகியதும் அதே வயல் நன்செயாகிவிடும். நாற்றங்காலுக்கும் நடவுச் சேற்றுக்கும் செலவாகும் நீர் முழுதும் மிச்சம். அதற்கு ஈடாகக் களையோடு ஓயாமல் போராட வேண்டும். ஏரி எப்போது நிரம்பும், முதல் மடை எந்த வயலுக்கு என்பது முன்கூட்டித் தெரிந்த ஊரில் மட்டுமே இத்துணிவு சாத்தியம். இன்று ‘நேரடி நெல் விதைப்பு’ என்று புதுமைபோல் பரிந்துரைக்கப்படுவதன் முன்னோடி இதுதான்.

மதகு கைமாறியது நகரத்தின் தாகத்தால். பொறியாளர் ஃப்ரேசர் 1866-இல் வகுத்த திட்டப்படி தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் கொசஸ்தலையாறு திருப்பப்பட்டு, சோழவரம், புழல் ஏரிகள் வழியே 1872-இல் சென்னைக்குக் குடிநீர் வந்தது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. 1996-இல் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்தபின், இணைப்புக் கால்வாயால் செம்பரம்பாக்கமும் நகரக் குடிநீர் வலைக்குள் இறுகியது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கனஅடிக் கொள்ளளவும் கொண்ட அந்தப் பாசன ஏரியின் கரையில் 2007-இல் நாளுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நகரத்துக்குக் குடிநீர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தக் கட்டத்திலும் ஆயக்கட்டுக்காரர் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கவில்லை. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. வயல் மனையாயிற்று, கழிவுநீர் கலந்த அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள் பசுமைத் தீர்ப்பாயத்தின் வழக்குப் பொருளாயின.

எஞ்சிய உழவர் கிணற்றுக்கு மாறினார்கள். வேளாண் மின்சாரம் இலவசமானதும் மோட்டாரை நிறுத்தக் காரணம் இல்லாமல் போயிற்று. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987-லேயே சட்டம் வந்தது. ஆயினும் வறட்சிக் காலங்களில் வெள்ளியூர், மாகறல் போன்ற ஊர்களில் உழவரின் பாசனக் கிணற்று நீரையே குடிநீர் வாரியம் விலைக்கு வாங்கியது. நெல்லைவிட நீரே பணமான அந்த நாட்களைப் பாசன வரலாற்றில் ஒரு முறிவாகவே கருதுகிறேன்.

இத்தனைக்கும் இடையே பழைய அறிவு ஓரிடத்தில் தொடர்கிறது. திருவள்ளூர் அருகே திரூரில் 1942-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 ரகம், தண்டுத்துளைப்பானை எதிர்க்கும் பண்பை ஐ.ஆர். 20-க்கு வழங்கி ஆசியாவெங்கும் பரவியது. எனினும் இம்மண்ணுக்கு அந்நிலையத்தின் பெரிய கொடை, புழுதி விதைப்புக்கு ஏற்ற ரகங்களை அது தொடர்ந்து உருவாக்கியதுதான். திருந்திய நெல் சாகுபடியும், வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலுமான முறையும் இன்று உழவரிடம் கொண்டுசெல்லப்படுகின்றன. இவை நல்ல முறைகள். ஆனால் அடுத்த மடை எந்நாள் என்று தெரியாத உழவன், கிடைத்த நீரை வயலில் முழங்கால் அளவு தேக்கத்தான் செய்வான். குழாயைக் கொடுத்துவிட்டு மதகின் நாளைச் சொல்லாமல் இருப்பது பாதி வேலை.

பாசனதாரர் சங்கங்களுக்கு 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் இடம் தந்துள்ளது. குடிமராமத்து 2017-இல் புத்துயிர் பெற்றபோது கரையும் கால்வாயும் கவனம் பெற்ற அளவுக்கு நீர்ப்பங்கீடு கவனம் பெறவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னும் நெல் விளையும் ஒவ்வோர் ஏரியிலும், நீர் நிரம்பிய வாரத்திலேயே ஆயக்கட்டுக்காரர்களை அழைத்துப் பேசி மதகு திறக்கும் நாட்களை முடிவு செய்து, ஏரிக்கரையில் எழுதி வைக்க வேண்டும் என்று நீர்வளத் துறையாரை வேண்டுகிறேன்.