தம்புள்ளைக் குகையும் மாத்தளைத் தேரும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில், மாத்தளைக்கு வடக்கே அமைந்துள்ளது தம்புள்ளை. பெரிய மரக்கறிச் சந்தையாலும், 1991 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட குகைக் கோயிலாலும் அறியப்படும் ஊர். அவ்வூரின் ஐதீகங்களில் தமிழர்களாகிய நாம் எவ்விதம் இடம்பெறுகிறோம்? பகைவராக மட்டும்தானா?

குகைக்குச் செல்வோர் முதலில் கேட்பது வலகம்பா மன்னனின் கதையைத்தான். கி.மு. 103 இல் முடிசூடிய இம்மன்னன் சில மாதங்களிலேயே அரசிழந்தான். மாதோட்டத்தில் வந்திறங்கிய தமிழ்த் தலைவர்கள் அநுராதபுரத்தைக் கைப்பற்றினர். புலகத்தன், பாகியன், பனையமாறன், பிளையமாறன், தாடிகன் என ஐவர் ஒருவர்பின் ஒருவராகப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டதாக மகாவம்சம் கூறுகிறது. நாடிழந்த மன்னன் இக்குகைகளில் ஒளிந்திருந்தான் என்றும், கி.மு. 89 இல் அரசை மீட்டபின் நன்றிக்கடனாக அவற்றைக் கோயிலாக்கினான் என்றும் மரபு சொல்கிறது. இரண்டாம் குகையில் அவனுக்குச் சிலையும் உண்டு. அக்குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீர் கடுங்கோடையிலும் வற்றுவதில்லை என்பது மக்களின் நம்பிக்கை. ஒரு பாத்திரத்தில் ஏந்தப்படும் அந்நீர் புனிதமாகப் பேணப்படுகிறது.

ஐதீகத்தின் ஒரு பக்கம் இது. குகைக்குள்ளேயே மறுபக்கமும் இருக்கிறது. தேவராஜ விகாரை எனப்படும் முதற்குகையில், மலைப்பாறையிலேயே செதுக்கப்பட்ட ஏறத்தாழ 14 மீற்றர் நீளமான புத்தர் பள்ளிகொண்டிருக்கிறார். அச்சிலை விஷ்ணுவின் தெய்வ சக்தியால் உருவானது என்கிறது உள்ளூர்க் கதை. விஷ்ணுவும் அக்குகையிலேயே எழுந்தருளியிருக்கிறார்.

மூன்றாம் குகையை அமைத்துப் பழைய ஓவியங்களைப் புதுப்பித்தவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747-1782). இவன் மதுரை நாயக்கர் வழிவந்தவன். தென்னிந்தியாவில் பிறந்து கண்டியின் அரியணை ஏறியவன். 1753 இல் சீயத்திலிருந்து துறவிகளை வரவழைத்துப் பௌத்த உபசம்பதா மரபுக்கு மறுவாழ்வு அளித்தவனும் இவனே. தெய்வங்களின் ஊர்வலமாக நடைபெற்ற கண்டிப் பெரஹராவில் புத்தரின் தந்ததாதுவை முன்செல்லச் செய்ததும் இவனது காலத்தில்தான். அப்பெரஹராவில் நாதர், விஷ்ணு, கதிர்காமத் தெய்வம் ஆகியோரோடு பத்தினித் தெய்வமும் இன்றும் உலா வருகிறாள். அவள் நம் கண்ணகி. தமிழருக்கு அஞ்சி ஒளிந்ததாகச் சொல்லப்படும் மன்னனின் சிலை ஒரு குகையில். தெற்கிலிருந்து வந்து அக்கோயிலைப் புதுப்பித்த மன்னனின் சிலை அடுத்த குகையில்! வழிகாட்டிகள் முதற்கதையை விரிவாகவும் இரண்டாவதைச் சுருக்கமாகவும் சொல்வதையே நான் கேட்டிருக்கிறேன்.

தம்புள்ளைக்குத் தமிழரோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1820 களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மிகிந்தலை, தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் எண்ணற்றோர். உயிரோடு மாத்தளை வந்து சேர்ந்தவர்களுக்குத் துணைநின்றவள் மாரியம்மன். கொள்ளைநோயிலிருந்து காப்பவள் என்று தமிழ்க் கிராமங்கள் நம்பிய அத்தாய், அவர்களோடு நடந்தே வந்தாள் எனலாம்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் 19 ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மாசிமகத்தையொட்டி ஐந்து தேர்கள் நகர் வலம் வரும் பஞ்சரத பவனி மலையகத்தின் பெருவிழா. சிங்களப் பௌத்தரும் அம்மனை வணங்குவர். 1983 ஆடிக் கலவரத்தில் அக்கோயில் தாக்கப்பட்டது. ஆனால் தேர் நிற்கவில்லை. பின்னர் 108 அடி இராஜகோபுரமும் எழுந்தது.

தம்புள்ளையில் நிகழ்ந்தது வேறு. குகைக் கோயிலைச் சூழ்ந்த பகுதி புனிதபூமி எனப்பட்டது. 2012 ஏப்ரல் 20 இல் அங்கிருந்த பள்ளிவாசல் தாக்கப்பட்டது. 2013 ஒக்டோபர் இறுதியில் பத்திரகாளி அம்மன் கோயில் இடிக்கப்பட்டது. குகைக்குள் விஷ்ணுவுக்கு இடமிருந்தது. குகைக்கு வெளியே காளிக்கு இடமில்லாது போயிற்று. ஓர் ஊர் தன் கதைகளில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் விளைவது இதுதான்.

2023 ஆம் ஆண்டு, மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28 இல் புறப்பட்டோர், முன்னோர் நடந்த தடத்திலேயே தம்புள்ளையைக் கடந்து ஓகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தனர். மற்ற இனத்தவரும் உடன் நடந்தனர்.

அடுத்தமுறை தம்புள்ளை செல்லும் தமிழ் வாசகர்கள் மூன்றாம் குகையிலும் சற்று நின்று, நாயக்க மன்னனின் சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். திரும்பும்போது, தாங்கள் கடந்துவந்த அந்த வீதியின் கதையையும் சொல்லுங்கள்.