தோல்வி காணாத மூன்றாமவர்

ஓடிய ஐந்து ஓட்டங்களிலும் ஒருவர் முதல்வராக வந்தார். எதிர்த்து நின்ற எவரும் அன்று அவரை முந்தவில்லை. எனினும் இரவு முடிந்தபோது அவர் மூன்றாம் இடத்தில் நிறுத்தப்பட்டார். அவரிடம் தோற்ற ஒருவரின் தலையில் உலக வெற்றியாளர் என்னும் மகுடம் ஏறியது. இது விடுகதை அன்று. 1936 செப்டம்பர் 10ஆம் நாள் லண்டன் வெம்பிளி அரங்கில் நிகழ்ந்த வரலாறு.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இங்கிலாந்தில் பெருங்கூட்டம் சேர்த்த விளையாட்டுகளுள் ஒன்று 'ஸ்பீட்வே' என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயம். அதன் தாயகம் ஆஸ்திரேலியா. 1923 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்கு மெய்ட்லண்டில், மின்விளக்குகளின் ஒளியில், ஜானி ஹாஸ்கின்ஸ் என்னும் நியூசிலாந்துக்காரர் நடத்திய பந்தயத்தை அதன் தொடக்கமாகக் கூறுவது வழக்கம். இங்கிலாந்தில் 1927இலேயே சிறு முயற்சிகள் நடந்தன எனினும், 1928 பிப்ரவரி 19 அன்று எப்பிங் காட்டை அடுத்த ஹை பீச்சில் நடந்த பந்தயமே நாட்டைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. சில ஆயிரம் பேரை எதிர்பார்த்தவர்கள் முன்னே முப்பதாயிரம் வரை மதிக்கப்பட்ட கூட்டம் வந்து குவிந்தது. அடுத்த ஆண்டே அணிகள் அமைந்தன. லீக் போட்டிகளும் தோன்றின.

இப்பந்தயத்தின் இயல்பைச் சற்றே அறிந்துகொள்வோம். நீள்வட்டப் பாதை, அதன்மேல் அக்காலத்தில் நிலக்கரி எரிந்த கசடு பரப்பப்பட்டிருந்தது. நால்வர் வரிசையாக நிற்பர். 1933 முதல் அவர்கள் முன்னே நாடாக்கள் கட்டப்பட்டன. நாடா மேலெழுந்த கணம் நால்வரும் பாய்வர். நான்கு சுற்றுகள்; ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். வண்டியில் 500 சி.சி. எஞ்சின் உண்டு, பிரேக் கிடையாது. வளைவில் வேகத்தைக் குறைப்பதில்லை. பின்சக்கரத்தை வெளிப்புறமாகச் சறுக்கவிட்டு, இடப்பக்கம் திரும்பும் வண்டியின் முன்சக்கரத்தை வலப்பக்கம் பிடித்து, இரும்புத் தகடு பூட்டிய இடக்காலைத் தரையில் உரசியபடி திரும்புவர். முதல்வருக்கு மூன்று புள்ளிகள், அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசியில் வருபவருக்கு ஒன்றுமில்லை. கணக்கு இவ்வளவு எளிது.

ஆபத்து எளிதன்று. 1933இல் 'ஸ்டார்' பத்திரிகையின் பெயரால் நடந்த வீரர் போட்டியை வென்ற டாம் ஃபார்ன்டன், 1935 ஆகஸ்டில் தம் சொந்தக் களமாகிய நியூ கிராஸில் விழுந்து, இரண்டு நாட்களில் உயிர் நீத்தார். அவருடைய இடம் வெறுமையாக இருக்கும்போதே 1936ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கிற்று.

அப்பருவத்தில் தேசிய லீக்கில் ஏழு அணிகள். வெம்பிளி, வெஸ்ட் ஹாம், ஹாரிங்கே, ஹாக்னி விக், நியூ கிராஸ், விம்பிள்டன் ஆகிய ஆறும் லண்டனைச் சேர்ந்தவை. மான்செஸ்டரின் பெல் வியூ ஒன்றே வெளியூர் அணி. ஆயினும் அந்த ஒன்றே 1933 முதல் மூன்று ஆண்டுகள் வென்றிருந்தது. 1936இலும் அதுவே வென்றது. தலைநகரின் ஆறு அரங்குகளும் வடபுலத்துத் தொழில் நகரின் ஒரே அரங்கிடம் தலைகுனிந்தன.

அவ்வாண்டின் பெரும் புதுமை, தனிவீரர்க்கான உலகப் போட்டி முதன்முறையாக நடத்தப்பட்டதாகும். இங்கேதான் நம் கதையின் முடிச்சு விழுகிறது. ஒரே இரவை வைத்து உலக வெற்றியாளரைத் தீர்மானிப்பது முறையாகாது என அமைப்பாளர்கள் எண்ணினர். சங்கிலி அறுந்தால் என்ன செய்வது? எவரோ விழுந்து வழியை அடைத்தால் அது யார் குற்றம்? ஆகவே, பருவத்தின் இடையில் பல அரங்குகளில் நடந்த தகுதிச் சுற்றுகளில் ஒருவர் பெற்ற தேர்ச்சிக்கேற்ப அவருக்குப் போனஸ் புள்ளிகள் தரப்பட்டன. இறுதி இரவின் புள்ளிகளை அவற்றோடு கூட்டி வருவதே முடிவு. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை.

இறுதிப் போட்டிக்கு வந்தவர் பதினாறு பேர். பார்க்க வந்தவர் சுமார் 74,000 பேர். ஒவ்வொருவரும் ஐந்து முறை ஓடி, மற்ற பதினைவரையும் ஒருமுறையேனும் எதிர்கொள்ள வேண்டும். அவர்களுள் மூவரை நாம் கவனிப்போம். முதலாமவர் வெஸ்ட் ஹாம் அணியின் 'புளூயி' வில்கின்சன். தலைமுடி செம்மையாயிருப்பவரை 'நீலன்' என அழைப்பது ஆஸ்திரேலியர் குறும்பு. இரண்டாமவர் லயனல் வான் பிராக், அவரும் ஆஸ்திரேலியர், வெம்பிளி அணிக்கு ஓடியவராதலால் அவ்வரங்கின் ஒவ்வொரு வளைவும் அவருக்குப் பழக்கம். மூன்றாமவர் பெல் வியூ அணியின் எரிக் லாங்டன், ஆங்கிலேயர்.

வில்கின்சன் ஐந்து ஓட்டங்களையும் வென்று 15 புள்ளிகள் பெற்றார். வான் பிராக் பெற்றவை 14. அவர் இழந்த ஒரே புள்ளி வில்கின்சனிடம் இழந்ததே. லாங்டன் பெற்றவை 13. ஆனால் போனஸ் கணக்கு வேறு வரிசையில் நின்றது. லாங்டனுக்கு 13, வான் பிராக்குக்கு 12, வில்கின்சனுக்கு 10. கூட்டிப் பார்த்தபோது லாங்டன் 26, வான் பிராக் 26, வில்கின்சன் 25! ஒரு புள்ளி குறைந்தது. தோல்வியே காணாதவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க, அவரிடம் தோற்ற இருவரும் மகுடத்துக்காக மீண்டும் ஓட வந்தனர்.

அந்த ஓட்டத்தின் தொடக்கமே சிக்கலாயிற்று. லாங்டன் அவசரப்பட்டு நாடாவை அறுத்துக்கொண்டு பாய்ந்தார். விதிப்படி அவர் விலக்கப்பட வேண்டியவர். விதியின் நுணுக்கத்தைக் காட்டிப் பட்டம் பெற விரும்பவில்லை என வான் பிராக் கூற, ஓட்டம் மறுபடியும் தொடங்கப்பட்டது. லாங்டன் முந்தினார், கடைசி வளைவுவரை அவரே முன்னின்றார். அவ்வளைவில் கிடைத்த சிறு இடைவெளியில் வான் பிராக் தம் வண்டியை நுழைத்தார். ஒரு சக்கரத்தின் அளவுகூட இல்லாத வேறுபாட்டில் அவர் வென்றார்.

கைதட்டல் ஓய்ந்தபின் வேறொரு பேச்சு எழுந்தது. முதல் வளைவை யார் முதலில் அடைகிறாரோ அவரே வெல்லட்டும், பரிசுப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வோம் என இருவரும் முன்னரே பேசிக்கொண்டனர் என்றும், சொல் தவறிய வான் பிராக் பின்னர் மன உறுத்தலால் லாங்டனுக்கு 50 பவுன் கொடுத்தார் என்றும் கூறப்பட்டது. நிலைநாட்டப்பட்ட உண்மையாக அன்றி, வெம்பிளியின் வழிவழிக் கதையாகவே அது நிற்கிறது. அது மெய்யாயின், நுணுக்கத்தால் வெல்ல மறுத்த பெருந்தன்மையின்மீதும் ஒரு நிழல் விழத்தான் செய்கிறது.

வில்கின்சனுக்கு இழைக்கப்பட்டது அநீதியா? விதி முன்னரே அறிவிக்கப்பட்டது, எவரும் ஏமாற்றப்படவில்லை. பருவம் முழுவதும் உழைத்தவனின் உழைப்பை ஓரிரவின் தற்செயல் அழித்துவிடலாகாது என்பதும் நியாயமே. ஆயினும் மக்கள் காணவந்தது, கண்முன் ஓடுகிறவர்களுள் யார் வல்லவர் என்பதை. அதற்குரிய விடையை அவர்கள் கண்டார்கள். ஏட்டில் வேறொரு விடை எழுதப்பட்டது. சட்டம் பிழையற்றிருந்தும் மனம் நிறைவு கொள்ளாத இடங்கள் உண்டு; அவற்றுள் இதுவும் ஒன்று. போருக்குப் பின் 1949இல் உலகப் போட்டி மீண்டும் தொடங்கியபோது போனஸ் புள்ளிகள் கைவிடப்பட்டன. இறுதி இரவின் ஓட்டமே முடிவைச் சொல்லிற்று.

வில்கின்சன் விதியை நொந்துகொண்டு ஒதுங்கவில்லை. 1938இல், அதே போனஸ் முறையின்கீழ், முந்திய நாள் இரவு காறை எலும்பு முறிந்த நிலையிலும் வெம்பிளியில் ஓடி உலகப் பட்டத்தை வென்றார். பிரேக்கில்லாத வண்டியில் பல நூறு ஓட்டங்கள் ஓடிப் பிழைத்த அவ்வீரர், 1940 ஜூலையில் சிட்னி நகரின் சாதாரணச் சாலை விபத்தொன்றில் மாண்டார்.

வான் பிராக்கின் கதையும் அன்றிரவோடு முடியவில்லை. உலகப் போரில் அவர் ஆஸ்திரேலிய விமானப் படையில் விமானியானார். 1942 ஜனவரியில் சும்பா நீரிணையின்மேல் ஜப்பானியர் அவர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினர். சுறாக்கள் சூழ்ந்த கடலில் ஏறத்தாழ முப்பது மணி நேரம், உடனிருந்தவர்கள் மூழ்கிவிடாமல் தாங்கிப் பிடித்துக் கரை சேர்த்தார். அதற்காக ஜார்ஜ் பதக்கம் பெற்றார்.

வெம்பிளியின் கடைசி வளைவில் அவர் சொல் தவறினாரா இல்லையா என்பதைப் பற்றி எவரும் என்னவும் சொல்லலாம். சும்பா நீரிணையில் அவர் எவரையும் கைவிடவில்லை என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. அங்கே போனஸ் புள்ளிகள் இல்லை. பார்த்துக் கைதட்டப் பெருங்கூட்டமும் இல்லை.