சிவப்பு நாடாவின் பூர்வீகம்

தி. நகர் பாண்டி பஜார் பக்கம் சாவிக்கொத்து விற்பவர்களிடம் ஒரு சிவப்பு நாடா கிடைக்கும். ‘ரிமூவ் பிஃபோர் ஃப்ளைட்’ என்று ஆங்கிலத்தில் வெள்ளை நூலால் தைத்திருப்பார்கள். புல்லட் ஓட்டும் பையன்கள் அதைச் சாவியில் மாட்டிக்கொண்டு மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றி வருகிறார்கள். பறக்கும் முன் கழற்று என்று சொல்லும் நாடாவைக் கழற்றாமலே பறப்பது தனி வேடிக்கை. அந்த நாடாவின் சொந்த ஊர் விமான நிலையம். அங்கே அது தொங்கும் பல இடங்களில் ஒன்று, நிறுத்தி வைத்த சிறு விமானத்தைக் காற்றிடமிருந்து காக்கும் ஒரு பூட்டு.

நிற்கும் விமானத்துக்கு எதற்குப் பூட்டு? இறக்கையின் பின்விளிம்பில் ஏலரான், வாலில் எலிவேட்டர், ரட்டர் என்று விமானத்தைத் திருப்பும் பாகங்கள் எல்லாமே கீலில் ஆடுபவை. செஸ்னா 152 போன்ற பயிற்சி விமானத்தின் வெறும் எடையே சுமார் 500 கிலோதான். பின்பக்கமிருந்து காற்று வீசினால் கொக்கி போடாத ஜன்னல் கதவு மாதிரி இந்தப் பாகங்கள் அடித்துக்கொள்ளும். கீல் தளரும், கேபிள் இழுபடும், ஓரத்தில் தடுத்து நிறுத்தும் முளை வளையும். பெரிய விமான நிலையத்தில் இதற்குப் புயல்கூட வேண்டாம். பக்கத்தில் திரும்பும் ஜெட் ஒன்றின் புகைபோக்கிக் காற்றே போதும். சேதம் உடனே கண்ணில் படாது என்பதுதான் மோசம். மேலே போன பிறகு தெரியும்.

சென்னைக்கு விமானம் வந்தது 1910இல். மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் டாஞ்ஜலிஸ், தாமே வடிவமைத்த விமானத்தை சிம்சன் கம்பெனியின் உதவியோடு கட்டி, பல்லாவரத்தில் சோதித்துவிட்டு, தீவுத்திடலில் காசு வாங்கிக்கொண்டு பறந்து காட்டினார். அந்தக் காலத்து விமானம் வேடிக்கைப் பொருள். பறந்து முடிந்ததும் கூரைக்கடியில் போய்விடும். ஊர் ஊராகப் போய் வெட்டவெளியில் இரவு தங்கும் நிலைமை வந்த பிறகுதான் காற்று ஒரு பிரச்சினையானது. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த அஞ்சல் பைகளை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு எடுத்துவந்தார். அவர் ஓட்டிய புஸ் மாத் விமானத்தின் இறக்கைகளைப் பின்னால் மடக்கிச் சின்னக் கொட்டகைக்குள் தள்ளிவிடலாம். கொட்டகை இல்லாத இடத்தில், விமானத்தைத் திருப்ப விமானி கையில் குச்சி வைத்த அந்தக் காலத்து விமானங்களுக்கெல்லாம் ஒரே வைத்தியம்: இருக்கை பெல்ட்டைக் குச்சியில் சுற்றி இறுக்குவது. பைசா செலவில்லை. பெல்ட்டை அவிழ்க்காமல் விமானி உட்காரவும் முடியாது. இவ்வளவு நல்ல பூட்டைப் பிறகு யாரும் செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பிந்தைய பூட்டுகள் இரண்டு வகை. ஒன்று வெளியில் மாட்டுவது: உள்பக்கம் கம்பளித் துணி ஒட்டிய இரண்டு பலகைகள், நடுவே ஒரு போல்ட். இறக்கையையும் ஏலரானையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும். சிவப்பு நாடா இதில்தான் தொங்கும். மற்றது உள்ளே. செஸ்னாவில் ஸ்டியரிங் தண்டில் ஒரு துளை, அதைத் தாங்கும் வளையத்தில் ஒரு துளை. இரண்டையும் நேர்படுத்தி ஒரு கம்பியைச் செருகினால் ஏலரானும் எலிவேட்டரும் அசையாது. கம்பியோடு சேர்ந்து ஒரு சிவப்புத் தகடு உண்டு. அது இன்ஜின் சாவித் துளையை மறைத்துக்கொண்டு நிற்கும். அறிவெல்லாம் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. கம்பி தொலைந்துபோனால் கையில் அகப்பட்ட ஆணியையோ போல்ட்டையோ செருகிவிடுபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆணி தண்டைப் பூட்டும், சாவியை மறைக்காது.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1935 அக்டோபர் 30 சாட்சி. அமெரிக்காவில் டேட்டன் நகருக்கருகே ரைட் ஃபீல்டில் போயிங்கின் புது குண்டுவீச்சு விமானம், மாடல் 299, ராணுவத்தின் சோதனைக்காகக் கிளம்பியது. நான்கு இன்ஜின், கைதேர்ந்த விமானிகள். வால்பகுதிப் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள். விமானம் செங்குத்தாக ஏறி, வேகமிழந்து விழுந்து எரிந்தது. ஓட்டிய மேஜர் ஹில்லும் போயிங்கின் சோதனை விமானி டவரும் இறந்தார்கள். அதன் பின்விளைவாக, நினைவை நம்பாதே, படித்துப் பார்த்துச் செய் என்று விமானிகள் கையில் செக்லிஸ்ட் கொடுக்கப்பட்டது. அந்தத் தாள் வெகுதூரம் பயணப்பட்டது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கென ஒரு செக்லிஸ்ட் வெளியிட்டது. அதைச் சோதித்துப் பார்த்த எட்டு நகரங்களில் டெல்லியும் ஒன்று. அதற்குப் பின்னால் இருந்த டாக்டர் அதுல் கவாண்டே, இந்த 1935 விபத்தைத் தம் புத்தகத்தில் விரிவாகவே சொல்லியிருக்கிறார்.

தாள் வந்தும் மறதி போகவில்லை. 2014 மே 31 இரவு, பாஸ்டனுக்கருகே ஹான்ஸ்கம் ஃபீல்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் பூட்டோடே ஓடுபாதையில் பாய்ந்தது. ஏழு பேரும் மாண்டார்கள். விசாரணையில், அதே விமானத்தின் முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் கன்ட்ரோல் சோதனை முழுதாகச் செய்யப்படவில்லை என்று தெரிந்தது. குச்சியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆட்டிப் பார்க்க அரை நிமிஷம்கூட ஆகாது.

சென்னை விமான நிலையமான மீனம்பாக்கத்தின் கதைக்கு வருவோம். இங்கே தண்ணீரும் காற்றும் முறைவைத்து வருகின்றன. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஓடுபாதை ஏறியபோது சிறு விமானங்கள் சில மிதந்தே நகர்ந்தன. அதற்கு எந்தப் பூட்டும் உதவாது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12, வர்தா புயல். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. அன்று பிற்பகல் புயலின் கண் நகரத்தின்மேல் கடந்தபோது திடீரென்று எல்லாம் அடங்கியது அடையாறிலும் தி. நகரிலும் பலருக்கு நினைவிருக்கும். தெருவில் இறங்கி விழுந்த மரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது.

காற்றைப் பார்த்து மூக்கை வைத்து நிறுத்து என்பது சிறு விமானத்துக்கான பாலபாடம். கிழக்கிலிருந்து நேரே நம் தலைமேல் வரும் புயலில் முதல் பாதி வடக்கத்திக் காற்று, இரண்டாம் பாதி தெற்கத்திக் காற்று. காலையில் சரியாக நிறுத்திய விமானம் மாலையில் வாலைக் காட்டிக்கொண்டு நிற்கும். அப்போது பூட்டு ஒன்றுதான் துணை, அதுவும் முழுப்பூட்டு. செஸ்னாவின் உள்கம்பி ரட்டரைப் பிடிக்காது; அதற்குத் தனியாக வெளிப்பூட்டு மாட்டச் சொல்கிறது கையேடு. இறக்கையிலும் வாலிலும் கட்டும் கயிறு 700 பவுண்டு, அதாவது 320 கிலோ அளவு இழுவையைத் தாங்கவேண்டும் என்றும் சொல்கிறது.

ஹேங்கர் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. புயல் எச்சரிக்கை எண் ஏறுவதற்கு முன்பே திருச்சிக்கோ பெங்களூருக்கோ பறந்துவிடுவது. அப்படிக் கிளம்பினால் கழற்றிய பலகைகளை எண்ணிப் பார்த்து இருக்கைக்குப் பின்னால் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மாட்டியது எத்தனையோ அத்தனையும் உள்ளே வந்துவிட்டதா என்பது அப்போதே தெரிந்துவிடும். திருச்சியில் இறங்கியதும் மறுபடி மாட்டவும் அவை வேண்டும்.